பட்டா நிலத்தில் மண் கரை: வாசகர் கேள்வி-பதில்

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில், சொந்த நிலத்துக் குட்டைக் கரைகளைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் நிலத்தில் மூன்று பக்கம் மேடு, ஒரு பக்கம் 10 அடி உயர மண் கரை. ஒரு ஏக்கர் பரப்பில் தண்ணீர் நிற்கும். அரசு அதிகாரிகள் யாராவது வந்து சோதனை செய்வார்களா? அனுமதி வாங்கணுமா?
*வாசகர், குடியாத்தம்*

யாரும் வர மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2021-ம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் என்பது போன்ற வரம்புகளில் ஒன்றையாவது தொட்டால்தான் அதற்குள் வரும். உங்கள் கரை 3 மீட்டர். ஏரிகளை எடுத்துக்கொண்டால், ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) 100 ஏக்கருக்கு மேல் உள்ளவை நீர்வளத் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. பட்டா நிலத்துக் குட்டை இரண்டிலும் சேராது. இதற்கு மாறாக, இங்கிலாந்தில் 25,000 கன மீட்டரைத் தாண்டும் தேக்கத்தைத் தனியாரே வைத்திருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும்.

அனுமதி விஷயத்தில் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) 'அ' பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) பாருங்கள். கரையின் ஒரு மூலை ஓடைப் புறம்போக்கில் உட்கார்ந்திருந்தாலும் அது ஆக்கிரமிப்புதான். 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றச் சொல்லலாம். ஓடையைக் குறுக்கே மறித்திருந்தால் கீழே உள்ள ஏரிக்குப் போகும் வரத்தையும் மறித்ததாகிவிடும்.

"சின்னக் குட்டைதானே" என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு ஏக்கரில் சராசரி 5 அடி நின்றால் 60 லட்சம் லிட்டருக்கு மேல் வரும். கரை உடைந்தால் தோராயக் கணக்கில் உச்ச நேரத்தில் நொடிக்கு 800 கன அடி வரை பாயலாம். 2018 மே மாதம் கென்யாவின் சோலாய் பகுதியில் உடைந்ததும் ஒரு தனியார் பண்ணையின் மண் அணைதான். 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

குட்டை நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியேறும் கோடிக்குப் பதிலாக 12 அங்குல சிமென்ட் பைப் வைத்திருக்கிறேன். மீன் வெளியே போகாமல் இருக்க அதில் வலையும் கட்டியிருக்கிறேன். மேலே சுமார் 50 ஏக்கர் நிலத்துத் தண்ணீர் இதில் இறங்குகிறது. போதுமா?
*வாசகர், பேரணாம்பட்டு*

போதாது. கணக்கைப் பாருங்கள். 50 ஏக்கர் என்பது 0.2 சதுர கிலோமீட்டர். மணிக்கு 75 மில்லிமீட்டர் வேகத்தில் மழை அடித்து, அதில் பாதி ஓடி வந்தாலே நொடிக்கு ஏறக்குறைய 2.1 கன மீட்டர் வரும். 12 அங்குல பைப் முழுசாக ஓடினாலும் 0.2 கன மீட்டரைத் தாண்டாது. பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அந்தப் பங்கையும் வலையில் சிக்கும் சருகும் தழையும் அடைத்துவிடும். மழை வலுக்கும்போதுதான் சருகும் அதிகமாக அடித்து வரும்.

அதே 2.1 கன மீட்டரைத் திறந்த கோடி வழியாக ஒன்றரை அடி ஆழத்தில் விட, சுமார் 14 அடி அகலம் வேண்டும். 100 ஏக்கராக இருந்தால் 27 அடி. கோடியின் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையே குறைந்தது 3 அடி விடுங்கள். ஒன்றரை அடி வெள்ளத்துக்கு, மீதி அலைக்கும் கரை அமுங்குவதற்கும். கோடியைக் கரை மேல் அமைக்காதீர்கள். கரை முடிகிற ஓரத்தில், தோண்டாத கெட்டித் தரையில் வெட்டி, தண்ணீர் கரையின் அடிப்பக்கம் திரும்பாதபடி தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். மீன் போகிறதென்றால் போகட்டும். அப்படியும் தடுப்பு வேண்டுமென்றால் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத இடைவெளியில் சாய்வாகக் கம்பி நட்டு, தினமும் சுத்தம் செய்யுங்கள்.

இன்னொன்று: ஒரு அடி கூடுதலாகத் தேக்க, கோடியில் மணல் மூட்டை அடுக்கும் பழக்கம். நம் பக்கத்துக் கரைகளுக்கு எலியை விட இதுதான் பெரிய ஆபத்து என்பது எங்கள் கருத்து. மூட்டை அடுக்கிய அன்றே, வெள்ளத்துக்கென்று விட்ட மூன்று அடி இரண்டாகிவிடுகிறது.

கரை உச்சியின் மட்டத்தையும் பாருங்கள். ஒளி ஊடுருவும் ட்யூபில் தண்ணீர் நிரப்பிப் பத்தடிக்கு ஒரு முறை மட்டம் பிடித்தால் போதும். டிராக்டர் ஏறி இறங்கும் இடம் பெரும்பாலும் ஒரு அடி தாழ்ந்திருக்கும். தண்ணீர் முதலில் வழிவது அங்கேதான். வழிந்த தண்ணீர் வெளிச்சரிவை அடியிலிருந்து அரித்துக்கொண்டே மேலே ஏறி உச்சியை அறுத்துவிடும்.

கரைக்கு வெளிப்புறம், மதகுக் குழாய் பக்கத்தில் எப்போதும் ஈரமாக இருக்கிறது. களிமண் வைத்து அடைத்துவிடு என்று பக்கத்து நிலத்துக்காரர் சொல்கிறார். செய்யலாமா?
*வாசகர், ஒடுகத்தூர்*

வேண்டாம். மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். வெளியில் களிமண்ணை அப்பினால் உள்ளே வந்த தண்ணீர் வெளியேற வழியின்றி அழுத்தம் கூடி, வேறு பலவீனமான இடத்தில் கிழித்துக்கொண்டு வரும். நாம் தடுக்க வேண்டியது தண்ணீரோடு மண் வெளியேறுவதைத்தான்.

முதல் வேலை, வருவது தெளிவா கலங்கலா என்று பார்ப்பது. கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் கரைக்குள் மண் கரைகிறது, ஓட்டை பெரிதாகிறது என்று அர்த்தம். தெளிவாக இருந்தால், சிறு வாய்க்கால் வெட்டி ஒரே இடத்தில் சேர்த்து, 10 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை விநாடி என்று வாரம் ஒரு முறை குறியுங்கள். கூடவே குட்டையின் நீர்மட்டத்தையும் எழுதுங்கள். நீர்மட்டம் உயர்ந்தால் கசிவும் கூடுவது இயல்பு. மட்டம் அப்படியே இருக்க, கசிவு மட்டும் கூடினால் அது எச்சரிக்கை.

ஈரமான இடத்துக்கு வைத்தியம்: முதலில் ஆற்று மணல் ஒரு அடி, அதன் மேல் சின்ன ஜல்லி அரை அடி, அதன் மேல் பெரிய கல். தண்ணீர் வெளியே போகும், மண் மணலில் நின்றுவிடும். வரிசையை மாற்றாதீர்கள், நேரே ஜல்லி கொட்டினால் மண் இடுக்கு வழியாக ஓடிவிடும். தரையில் ஊற்று மாதிரிக் கொப்பளித்தால், அதைச் சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே இரண்டடி தண்ணீர் நிற்க விடுங்கள். அந்த எதிர் அழுத்தம் மண் வருவதைக் குறைக்கும்.

குழாய் பக்கத்தில் ஈரம் வருவது தற்செயல் அல்ல. வட்டக் குழாயின் அடிவயிற்றில் மண்ணைக் கெட்டிக்க எந்தக் கருவிக்கும் எட்டாது. தண்ணீர் அந்த இடுக்கைப் பிடித்துக்கொண்டு குழாய் ஓரமாகவே வரும். கோடையில் குட்டை வற்றியதும் தோண்டி, குழாயின் பாதி உயரம் வரை கான்கிரீட் படுக்கை போட்டு, வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி வைத்து மூடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

குட்டையை இறக்குவதானால் நாளுக்கு ஒரு அடிக்கு மேல் வேண்டாம். வேகமாக இறக்கினால் ஊறிய உள்சரிவு சரிந்து விழும். ஆனால் கலங்கல் வர ஆரம்பித்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் இல்லை; மதகு, மோட்டார், எது இருக்கிறதோ அத்தனையையும் வைத்து இறக்குங்கள்.

கோடையில் ஜேசிபி வைத்து, சவுடு மண் கொட்டிக் கரையை 3 அடி உயர்த்தினேன். இந்த மழைக்கே நிரப்பலாமா?
*வாசகர், லத்தேரி*

எப்படி உயர்த்தினீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய கரையின் தலையில் கொட்டிச் சமன் செய்ததோடு விட்டிருந்தால், இந்த ஆண்டு பழைய மட்டத்துக்கு மேல் தேக்காதீர்கள். உள்சரிவு இரண்டரைக்கு ஒன்று (ஒரு அடி உயரத்துக்கு இரண்டரை அடி அகலம்), வெளிச்சரிவு இரண்டுக்கு ஒன்று என்றால், 3 அடி உயர்த்த அடித்தளம் இப்போதுள்ளதைவிடப் பதிமூன்றரை அடி கூடுதல் அகலமாக வேண்டும். அகலம் கூட்டாமல் உயரம் மட்டும் கூட்டினால் சரிவு செங்குத்தாகிவிடும்.

முறையாகச் செய்வதென்றால், புல்லையும் மேல்மண்ணையும் சுரண்டி, பழைய சரிவில் படிபடியாக வெட்டி, புது மண்ணை ஒவ்வொரு முறையும் எட்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் விட வேண்டும். ஈரப் பதம் பார்க்க ஒரு பிடி மண்ணை அமுக்குங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கையில் சேறு ஒட்டக் கூடாது. ஜேசிபி டயர் ஓடினாலே கெட்டியாகிவிடும் என்பது தவறு; டயர் போன தடம் மட்டும்தான் இறுகும்.

மண்ணையும் சோதியுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை ஒரு டம்ளரில் விட்டு, காய்ந்த சிறு கட்டியைப் போடுங்கள். கட்டி உதிர்ந்து அடியில் குவிந்தால் பரவாயில்லை. ஒரு மணி நேரத்தில் அதைச் சுற்றிப் பால் போலக் கலங்கினால், அந்த மண் தண்ணீரில் தானே கரையும் வகை. அதைக் கரைக்குப் போடாதீர்கள்.

மழைக்கு முன் வெடிப்புகளைப் பாருங்கள். கரையின் நீளவாக்கில் ஓடும் வெடிப்பு சரிவு நகர்வதைக் காட்டும். குறுக்குவெடிப்பு அதைவிட மோசம், ஏனென்றால் உள்ளிருந்து வெளியே தண்ணீருக்கு அது நேர் வழி. வெடிப்பின் அடிவரை தோண்டி, அடுக்கடுக்காக மண் போட்டு இடித்துக் கெட்டித்து நிரப்புங்கள்.

கரை மேல் பனையும் சீமைக் கருவேலமும் இருக்கின்றன. வெட்டிவிடலாமா?
*வாசகர், கே.வி.குப்பம்*

சீமைக் கருவேலத்தைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரத்தை மழைக்கு முன் வெட்டி வேரை உள்ளேயே விடாதீர்கள். மட்கிய வேர் விட்டுப்போகும் துளைதான் தண்ணீருக்கு வழி. கோடையில் வேரோடு எடுத்து, குழியை இடித்து நிரப்புங்கள். பனையின் வேர் நார் வேர், உயிரோடு நிற்பதால் பெரிய கெடுதல் இல்லை. பட்டுப்போன பனையின் அடியைத்தான் கவனிக்க வேண்டும். கரைக்கு அருகம்புல்லும் வெட்டிவேரும் நல்லவை. புல்லைக் குட்டையாக வைத்தால்தான் கரையான் புற்றும் எலி வளையும் கண்ணில் படும்.

எனக்கு மேலே இன்னொருவர் கரை போட்டிருக்கிறார். அது உடைந்து என் கரையும் போனால் நஷ்டம் யார் தலையில்?
*வாசகர், அணைக்கட்டு*

இதற்கு நம் பழைய வடஆற்காடு மாவட்டத்திலேயே பெயர்பெற்ற வழக்கு உண்டு. பெருமழையில் கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து, சென்னை ரயில்வே கம்பெனியின் சொத்து சேதமானது. 1874-ல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், ஜமீன்தார் பொறுப்பல்ல என்றது. ஏரிகள் பழங்காலத்தவை, மக்களுக்காக அவற்றைப் பராமரிப்பது அவர் கடமை, அவர் கவனக்குறைவாகவும் இல்லை என்பது காரணம். அதற்கு 6 ஆண்டுகள் முன்பு இங்கிலாந்தில், தன் ஆலைக்காகத் தேக்கம் கட்டி, பக்கத்துச் சுரங்கத்தில் தண்ணீர் புகக் காரணமானவரைக் கவனக்குறைவு இல்லாமலே பொறுப்பாளி ஆக்கினார்கள். சொந்த லாபத்துக்குப் புதிதாகப் போட்ட கரை இந்த இரண்டாவது வகைக்குத்தான் நெருக்கம். மேலே உள்ளவரின் கோடி அடைபட்டிருந்தால் புகைப்படத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள், நகலை வட்டாட்சியருக்கும் கொடுங்கள். உங்கள் கோடி அகலத்தைக் கணக்கிடும்போது அவருடைய நீர்ப்பிடிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் கடப்பா பக்கம் மேலே பிஞ்சா அணை உடைந்து, கீழே அன்னமய்யா அணையின் மண் கரையும் போனது நினைவிருக்கும்.

ராத்திரியில் கனமழை, தண்ணீர் கரை உச்சிக்கு ஒரு அடி கீழே வந்துவிட்டது. என்ன செய்வது?
*வாசகர், காட்பாடி*

கீழே இருக்கும் வீடுகளுக்கு முதலில் போன் செய்யுங்கள், பிறகு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. கோடியில் தடை இருந்தால் ஓரத்தில் நின்று நீண்ட கொக்கியால் இழுங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். உச்சியில் தாழ்ந்த இடம் இருந்தால் மூட்டை அங்கே மட்டும். அவசர வாய்க்கால் வெட்டுவதானால் கரை முடிந்து கெட்டித் தரை தொடங்கும் ஓரத்தில் வெட்டுங்கள்; கரையை வெட்டினால் நீங்களே உடைத்ததாகும். வெளிச்சரிவில் தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டால் கரை மேல் யாரும் நிற்கக் கூடாது, ஜேசிபியும் ஏறக் கூடாது. கீழ்ப்பக்கத்து வீடுகளின் எண்களை இப்போதே மோட்டார் ஷெட் சுவரில் பெயின்டில் எழுதி வையுங்கள்.