பெருவெடிப்பு நடந்து 67 கோடி ஆண்டுகளுக்குள் அவ்வளவு பெரிய கருந்துளைகள் எப்படி வளர்ந்தன? பினாங்கிலிருந்து அப்படி ஒன்றைப் பார்க்க முடியுமா?

பெருவெடிப்புக் கோட்பாடே பொய்த்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகளை முதலில் ஒதுக்கிவையுங்கள். இங்கே இடிப்பது பிரபஞ்சத்தின் வயது அல்ல, ஒரு வட்டிக் கணக்கு. பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய நகரத்தாருக்கு இதை விளக்க வேண்டியே இருந்திருக்காது.

கருந்துளை வட்டிக்கு வட்டி முறையில்தான் வளர்கிறது. எடை கூடக்கூட, அது விழுங்கும் அளவும் கூடும். ஆனால் விகிதத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. உள்ளே விழும் வாயு கொதித்து ஒளிர்கிறது. அந்த ஒளியே பின்னால் வரும் வாயுவை வெளியே தள்ளுகிறது. தள்ளும் விசையும் ஈர்ப்பும் சமமாகும் இடத்துக்கு எடிங்டன் வரம்பு என்று பெயர். அந்த வரம்பிலேயே இடைவிடாமல் விழுங்கினாலும் எடை இரட்டிப்பாக ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகள் ஆகும்.

நீங்கள் கேட்கும் 67 கோடி, 2021இல் அறிவிக்கப்பட்ட ஜே0313-1806 என்ற குவேசாருடையது என்று நினைக்கிறேன். வாயுவை விழுங்கும் பெருங்கருந்துளையைச் சுற்றிப் பளிச்சென்று ஒளிரும் மண்டல மையம்தான் குவேசார். அதன் நடுவில் இருப்பது சுமார் 160 கோடி சூரியன்களின் எடை. நம் பால்வெளியின் மையத்தில் உள்ளதோ வெறும் 43 லட்சம்.

ஜார்ஜ் டவுனில் படிவம் ஆறு மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். இந்தக் கணக்கை அவர்களிடம் கொடுத்தேன். முதல் தலைமுறை விண்மீன் ஒன்று இறந்து 100 சூரிய எடையுள்ள கருந்துளையை விட்டுச்சென்றது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு மாணவி கால்குலேட்டரைத் தொடாமல் தாளின் ஓரத்தில் 200, 400, 800 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போனாள். 24ஆவது வரியில் 160 கோடியைத் தாண்டியது. பெருக்கிப் பார்த்துவிட்டு, “சார், 84 கோடி ஆண்டு வேண்டும். இருப்பதே 67 கோடிதானே?” என்றாள். முதல் விண்மீன்கள் பிறக்கவே 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும் என்பதை நான் இன்னும் சொல்லவே இல்லை.

ஆக, காலத்தை நீட்ட முடியாது. வட்டியை, அதாவது விழுங்கும் வேகத்தைக் கூட்ட வேண்டும், அல்லது முதலை, அதாவது தொடக்க எடையைக் கூட்ட வேண்டும்.

வட்டியைக் கூட்டலாம். எடிங்டன் வரம்பு மீற முடியாத சட்டம் அல்ல. வாயு அடர்த்தியாக வந்து குவிந்தால், ஒளி வெளியேற வழியின்றி வாயுவோடு சேர்ந்து உள்ளே போய்விடும். 2024இல் எல்ஐடி-568 என்ற கருந்துளை அந்த வரம்பைப்போல 40 மடங்கு வேகத்தில் விழுங்குவதாக அளந்தார்கள். ஆனால் இப்படிப்பட்ட விருந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் நீடிக்குமா என்பதுதான் சிக்கல். கருந்துளை வீசும் ஆற்றலே சுற்றியுள்ள வாயுவைக் கலைத்துவிடும்.

அதனால் என் சாய்வு முதலின் பக்கம். ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டுமே உள்ள ஒரு பெரிய வாயு மேகத்தை எண்ணிப் பாருங்கள். பக்கத்து விண்மீன்களின் புறஊதாக் கதிர் அதிலுள்ள ஹைட்ரஜன் மூலக்கூறுகளை உடைத்துவிடுகிறது. மேகத்தைக் குளிர்விப்பவை அந்த மூலக்கூறுகள்தாம். குளிராத மேகம் சிறு விண்மீன்களாகச் சிதறாது. மொத்தமாக உள்நோக்கிச் சரியும். விளைவு, எடுத்த எடுப்பிலேயே ஒரு லட்சம் சூரிய எடையுள்ள விதை. அந்த மாணவியின் தாளில் இது 14 வரிதான், 49 கோடி ஆண்டுகள். கணக்கு நேராகிவிடுகிறது.

இதை வலுவாக முன்வைத்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன், இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். பெரிய விதையிலிருந்து வளர்ந்த கருந்துளை, தொடக்கக் காலத்தில் தன் விண்மீன் மண்டலத்துக்கு நிகரான எடையோடு இருக்க வேண்டும் என்று அவர் குழு 2017இல் கணித்தது. இன்றைய மண்டலங்களில் அந்த விகிதம் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. 2023இல் யுஎச்ஸெட்1 அகப்பட்டது: பெருவெடிப்புக்கு 47 கோடி ஆண்டுகளுக்குப் பின், கருந்துளையின் எடையும் விண்மீன்களின் மொத்த எடையும் ஏறக்குறைய சமம். மண்டலத்தைக் காட்டியது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. கருந்துளையைக் காட்டிக்கொடுத்தது சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி. சந்திரா என்பது இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். 1935இல் லண்டனில், விண்மீன்களின் இறுதிநிலை பற்றிய அவருடைய கண்டுபிடிப்பை எல்லோர் முன்னிலையிலும் எள்ளி நகையாடியவர் இதே எடிங்டன். அவர் பெயரிலுள்ள வரம்பைச் சந்திராவின் பெயரிலுள்ள கருவி உரசிப் பார்ப்பது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஆனால் ஒரே ஒரு யுஎச்ஸெட்1 போதாது. ஜேம்ஸ் வெப் தொடக்கக் காலப் பிரபஞ்சத்தில் கண்ட ‘சிறு செம்புள்ளிகள்’ ஏராளம்; நடுவில் கருந்துளை இருப்பதாகக் கருதப்படும் சிறிய, சிவந்த பொருள்கள் அவை. அந்தக் கருந்துளைகளின் எடை ஹைட்ரஜன் நிறமாலைக் கோட்டின் அகலத்தை வைத்துக் கணிக்கப்படுகிறது; சுற்றும் வாயுவின் வேகம் கூடினால் கோடு அகலமாகும். அடர்ந்த வாயுவில் ஒளி சிதறுவதாலும் கோடு அகலமாகும், உண்மையான எடை அதைவிடக் குறைவு என்று சிலர் வாதிடுகிறார்கள். அது சரியானால், செம்புள்ளிகளைப் பொறுத்தவரை புதிரின் கூர்மை பாதி மழுங்கிவிடும். ஐரோப்பிய விண்வெளி முகமை 2035 வாக்கில் ஏவத் திட்டமிட்டுள்ள லிசா என்ற விண்வெளிக் கருவி, விதைக் கருந்துளைகள் மோதி இணையும்போது எழும் ஈர்ப்பு அலைகளைப் பிடித்தால் முதல் எவ்வளவு என்பது நேரடியாகத் தெரியவரும்.

பினாங்கிலிருந்து பார்ப்பது பற்றி: ஜே0313ஐ எந்தக் கொல்லைப்புறத் தொலைநோக்கியிலும் பார்க்க முடியாது. கன்னி விண்மீன் கூட்டத்திலுள்ள 3சி 273 என்ற குவேசாரை முயன்று பாருங்கள். அதன் ஒளிப்பொலிவு எண் 12.9 (எண் கூடக்கூட மங்கல்), ஒளி கிளம்பி 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எட்டு அங்குலத் தொலைநோக்கியும் நல்ல விண்மீன் வரைபடமும் வேண்டும். ஜார்ஜ் டவுன் நடுவே கொம்தார் கோபுரத்தின் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் வாய்ப்பில்லை. பாலிக் புலாவ் பக்கம் போங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாலை மழை விட்ட பிறகு, நிலா இல்லாத இரவாகப் பார்த்து.