கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, எதைப் படிக்கலாம்?

கேள்வி: பி.இ. சிவில் முடித்திருக்கிறேன். எங்கள் வயல் அனந்தனார் சானலின் கடைமடைப் பக்கம். நீர்வள மேலாண்மை, சஸ்டெய்னபிலிட்டி என்று ஏகப்பட்ட மேற்படிப்புகள் இருக்கின்றன, எதில் சேருவது? வீட்டில் ஐ.டி. வேலைக்குப் போகச் சொல்கிறார்கள்.
– வாசகி, அகஸ்தீஸ்வரம் வட்டம்

பதில்: பெயரில் சஸ்டெய்னபிலிட்டி இருக்கிறதே என்று மட்டும் எதிலும் சேர்ந்துவிடாதீர்கள். தண்ணீர் விஷயத்தில் உங்களை உறுத்துகிற கேள்வி எது, அதற்கு எந்தப் பாடத்திட்டம் பதில் வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் வயலையே எடுத்துக்கொள்வோம். சானலுக்குத் தண்ணீர் தருகிற பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி, அதில் 40-ஐத் தாண்டிவிட்டது என்று காலையில் பேப்பரில் போட்டிருக்கும், ஆனால் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) கதிர் விடுகிற நேரத்தில் உங்கள் மடையில் மண் வெடித்துக் கிடக்கும். நடுவில் என்னதான் ஆகிறது? கரையில் கசிவு, தூர்வாராத சானல், மேலே இருப்பவர் ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொள்வது, முறை வைத்துத் திறப்பதில் குளறுபடி எல்லாமே இருக்கலாம், எங்கே எவ்வளவு போகிறது என்று இடம் இடமாக அளந்தால்தான் தெரியும். இதுதான் பாசன நீர் மேலாண்மை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் நீர்வள மையம் இருக்கிறது. ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் நீரியலுக்கும் நீர்வள மேம்பாட்டுக்கும் தனித்தனித் துறைகளே உண்டு. சிவில் படித்தவருக்கு இவைதான் என் முதல் சிபாரிசு.

கடலோரக் கிணறுகள் உப்பாவது வேறு கதை. நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை அது உப்பைத் தள்ளி வைக்கும் என்பது பழைய கணக்கு, அப்படியானால் மோட்டார் போட்டு அந்த 1 மீட்டரை இறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இது இழுக்கிறதென்றால் நிலத்தடி நீரியல் பக்கம் போங்கள். இரண்டு மாநிலத் தகராறு இன்னொரு வகை: விளவங்கோடு பக்கம் வயல்களுக்குத் தண்ணீர் தரும் நெய்யாறு இடதுகரை சானலுக்குக் கேரளா 2004-லிருந்து தண்ணீர் விடவில்லை. அதற்கு இன்ஜினியரிங் மட்டும் போதாது, சட்டமும் கொள்கையும் சொல்லித்தருகிற படிப்பு வேண்டும்.

வீட்டாரின் பயம் நியாயமானது. ஐ.டி. சம்பளம் உடனே கிடைக்காது, அதை மறைக்க வேண்டாம். நீர்வளத்துறை, ஆலோசனை நிறுவனங்கள், ஆராய்ச்சி என்று வழி இருக்கிறது, கொஞ்சம் மெதுவாகத்தான் திறக்கும். அதுவரை கியூஜிஐஎஸ் (வரைபடம் போடும் மென்பொருள்), ஹெக்-ராஸ் (ஆறு, கால்வாயில் நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) இரண்டையும் பழகுங்கள், இரண்டும் இலவசம். உங்கள் ஊர்க் குளம் எந்தக் கால்வாயால் நிரம்புகிறது, நிரம்பி வழியும் மறுகால் எங்கே பாய்கிறது, அதில் எவ்வளவு தூரம் வீடாகிவிட்டது என்று நடந்து பார்த்து வரைபடமாகப் போடுங்கள். நேர்முகத் தேர்வில் பேச உங்களிடம் சொந்தச் சரக்கு இருக்கும்.

கேள்வி: எம்.டெக். சேர கேட் (GATE) நுழைவுத் தேர்வு அவசியமா? நான் சிவில் மூன்றாம் ஆண்டு.
– வாசகர், தக்கலை

பதில்: ஐ.ஐ.டி. எம்.டெக்.குக்கு உதவித்தொகையோடு சேர வேண்டுமென்றால் எழுதுங்கள். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் 3 வருடம் செல்லும். வெளிநாடு என்றால், நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்து ஐ.எச்.இ. 1957 முதல் தண்ணீர்ப் படிப்புக்கென்றே நடக்கும் நிறுவனம். செலவு அதிகம், ஸ்காலர்ஷிப் கிடைத்தால் மட்டும் கிளம்புங்கள்.