பூம்பாத்திக்குக் களை நிலத்தைத் திருத்துதல்: கேள்வி பதில்

கேள்வி (தாம்பரம்): வீட்டின் முன்புறம் மதிலை ஒட்டி இருபதடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட இடம் முழுவதும் கோரை மண்டிக் கிடக்கிறது. சிறிய உழவு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து உழுதுவிட்டு, மறுநாளே பூச்செடிகளை நட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. கோரையின் உயிர் தாளில் இல்லை. மண்ணுக்குள் சரம்சரமாகக் கோத்துக் கிடக்கும் கிழங்குகளில் இருக்கிறது. ஒரு சரத்தில் ஒரு கிழங்கு முளைத்து நிற்கும்போது, அதனோடு இணைந்த மற்றவற்றுள் பல உறங்கிக்கொண்டிருக்கும். இயந்திரத்தின் கத்திகள் அந்தச் சரத்தைத் துண்டாக்கினால் உறங்கிய கிழங்குகளும் தனித்தனியே முளைவிட்டு, முன்பிருந்ததைவிட அடர்த்தியாகக் கோரை எழும்பும்.

நீங்கள் சொல்லும் அளவு நிலத்தைக் கையாலேயே திருத்திவிடலாம். முந்தைய நாள் நீர் பாய்ச்சி மண்ணைப் பதமாக்குங்கள். பிடித்தால் உருண்டு, தட்டினால் உதிர வேண்டும். ஓர் ஓரத்தில் ஓரடி ஆழத்துக்குக் குழி எடுத்து, அங்கிருந்து மண்ணைப் பக்கவாட்டில் சரித்துக்கொண்டே நகருங்கள். தாளைப் பிடித்து இழுக்காதீர்கள். தாள் அறுந்து வந்துவிடும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். கருத்த தோலும், உடைத்தால் வெண்மையான உட்புறமும், உடனே மூக்கில் ஏறும் மணமும் கொண்ட சுண்டுவிரல் நுனியளவு உருண்டைகளைத்தான் நீங்கள் தேட வேண்டும். அவற்றில் பெரும்பகுதி மேல்மண்ணின் 15 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே இருக்கும், சில அதற்கும் கீழே இறங்கியிருக்கும். பொறுக்கியவற்றைச் சிமென்ட் தரையில் கொட்டி, நன்றாகச் சுருங்கி உலரும்வரை வெயிலில் காயவிடுங்கள். எரு குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் சில கிழங்குகள் தப்பிவிடும். ஆகவே உடனே நடாமல், நிலத்துக்கு நீர் விட்டு, தலைகாட்டும் ஒவ்வொரு முளையையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை களைக்கொத்தால் கிழங்கோடு எடுத்துவிடுங்கள். புதுக் கிழங்கு கட்டுவதற்கு முன்பே முளையை எடுத்துவிட்டால், பழைய கிழங்கின் சேமிப்பு கரைந்துகொண்டே வரும். பூப்பாத்தி போட விரும்புகிறவர்கள் அனைவரிடமும் நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது இந்தப் பொறுமையைத்தான். நட்ட பிறகு செடியின் வேரோடு பின்னிக்கொண்ட கோரையை, செடிக்குச் சேதமில்லாமல் எடுப்பது ஏறக்குறைய முடியாத வேலை.

கேள்வி (மதுரை): வெயில் காலத்தில் பாலித்தீன் விரித்தால் களை செத்துவிடும் என்கிறார்கள். கறுப்பு விரிப்பா, கண்ணாடிபோன்ற விரிப்பா?

பதில்: இரண்டும் வெவ்வேறு வேலை செய்பவை. நிலத்தைச் சூடேற்றி விதைகளை அழிப்பதற்கு ஒளி ஊடுருவும் மெல்லிய விரிப்பே தேவை. சித்திரை, வைகாசி மாதங்களில் மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, நன்றாக நனைத்து, விரிப்பை மண்ணோடு ஒட்டினாற்போல் இழுத்து விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். ஈர மண்தான் சூட்டை உள்ளே கடத்தும் என்பதால் நனைப்பதைத் தவிர்க்கக் கூடாது. சாரணை போன்று விதையால் பரவும் களைகளுக்கு இது மிகச் சிறந்த வழி. ஆனால் கோரையை இதனால் முழுமையாக ஒழிக்க முடியாது, அதன் கூரிய முளை விரிப்பையே துளைத்துக்கொண்டு வெளிவரும். விரிப்பை எடுத்தபின் நிலத்தை ஆழமாகக் கிளறாதீர்கள். சூடு எட்டாத ஆழத்தில் கிடக்கும் விதைகளை நீங்களே மேலே கொண்டுவந்ததாகிவிடும். கறுப்பு விரிப்பு ஒளியை மறைத்து, முளைத்தவற்றை வாட்டுவதற்கு மட்டுமே உதவும்.

கேள்வி (கோயம்புத்தூர்): களைக்கொல்லி அடித்தால் வேலை எளிதல்லவா? உப்புக் கரைசல் ஊற்றலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

பதில்: உப்பு வேண்டவே வேண்டாம், களையைக் கொல்லும் அளவுக்கு உப்பை ஊற்றிய மண்ணில் பூச்செடியும் பிழைக்காது. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைப் பொறுத்தவரை, அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக அன்றி எவரும் பயன்படுத்தக் கூடாது என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அது களை, செடி என்று பிரித்தறியாது. காற்றில் சிதறும் துளிகள் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையிலும் படும். வீட்டு வாசலில் உள்ள சிறு நிலத்துக்கு மண்வெட்டியே போதும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (சேலம்): மனை முழுவதும் பார்த்தீனியம் பூத்து நிற்கிறது. அறுத்துப் போட்டால் போதுமா?

பதில்: போதாது அம்மா, அறுத்த அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கக்கூடியது என்பதால், பூக்கும் முன்பே பிடுங்குவதுதான் முறை. இப்போது பூத்துவிட்டதால், மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது வேரோடு பிடுங்கி, குலுக்காமல் சாக்கில் கட்டி அகற்றுங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் பலருக்கு அதனால் வருகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களை அந்தப் பக்கமே அனுப்பாதீர்கள்.

கேள்வி (திருநெல்வேலி): களையெடுத்த இடத்தில் ஆட்டுப்புழுக்கை போட்டோம். புதிது புதிதாகச் சீமைக்கருவேலங்கன்றுகள் முளைக்கின்றன. ஏன்?

பதில்: அந்த மரத்தின் நெற்றை ஆடுகள் விரும்பித் தின்கின்றன, விதைகள் செரிக்காமல் புழுக்கையோடு வெளிவருகின்றன. எந்தத் தொழுவுரமானாலும் நன்றாக மட்கி, சூடு தணிந்து, மண்வாசனை வந்தபின்பே பாத்தியில் இட வேண்டும். இப்போது முளைத்திருப்பவற்றை இளசாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். வளரவிட்டுத் தரைமட்டத்தில் வெட்டினால், மண்ணுக்குச் சற்றுக் கீழேயுள்ள மொட்டுகளிலிருந்து மறுபடியும் கிளைக்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): பாத்தி சுத்தமாகிவிட்டது; ஆனால் பக்கத்துப் புல்தரையிலிருந்து அருகம்புல் உள்ளே நுழைகிறது. என்ன செய்யலாம்? எந்தப் பூக்களை நடலாம்?

பதில்: அருகின் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடக்கூடியது. புல்தரைக்கும் பாத்திக்கும் நடுவே அரையடி ஆழத்தில் வாய்க்கால்போல் வெட்டி, செங்கல்லை நெருக்கமாக நட்டுவையுங்கள். கல்லைத் தாண்டி வரும் கொடியை வாரந்தோறும் வெட்டிவிட வேண்டும். இதற்கு மாற்றுவழி இல்லை.

நடும்போது மண்ணை விரைவில் மூடும் செடிகளைத் தேர்ந்தெடுங்கள். நிழல் விழுந்தால் கோரைக்கும் அருகுக்கும் வலு குறையும். பின்வரிசையில் நந்தியாவட்டை அல்லது செம்பருத்தி, நடுவே கோழிக்கொண்டையும் செண்டுமல்லியும் ஓரடி இடைவெளியில், முன்வரிசையில் டேபிள் ரோஸ் என்று வைக்கலாம். கனகாம்பரம் வைக்க ஆசைப்பட்டால் முதல் பருவத்தில் அந்த இடத்தில் செண்டுமல்லியை வளர்த்துவிடுங்கள். கனகாம்பரத்தின் வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுக்களைச் செண்டுமல்லியின் வேர்ச்சுரப்பு குறைக்கிறது. செடிகளுக்கிடையே உலர்ந்த இலைகளை இரண்டு அங்குலக் கனத்தில் மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் பரப்ப வேண்டாம், அடிப்பகுதி அழுகிவிடும்.