ஸ்கேட் தீட்ட வீட்டுக்கு மெஷின் வாங்கலாமா? முதலில் கணக்கைப் பாருங்கள்

கனடாவின் மார்க்கம் நகரில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு ஒன்பது வயது, ஹவுஸ் லீக்கில், அதாவது ஊர்ப் பிள்ளைகள் பொழுதுபோக்காக ஆடுகிற லீக்கில், ஐஸ் ஹாக்கி விளையாடுகிறான். ஐஸ் அரீனாவில் இருக்கும் கடைக்குப் போகும்போதெல்லாம் 'ஸ்கேட் பிளேடு மழுங்கிவிட்டது' என்று சொல்லிக் காசு வாங்குகிறார்களாம். யாரோ விற்கிற பழைய தீட்டும் மெஷின் ஒன்றைக் கணவர் பார்த்து வைத்திருக்கிறார். வாங்கலாமா, வாங்கினால் கராஜில் வைக்கலாமா என்பது கேள்வி.

வாங்காதீர்கள். ஹவுஸ் லீக் பிள்ளை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஐஸில் நிற்பான், அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை வைத்துக்கொண்டாலும் ஐம்பது மணி நேரம்தான் வரும். பிளேடுக்குப் பத்துப் பதினைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை கூர் போட்டால் போதும், அதுவும் எடை குறைந்த பிள்ளைக்கு இன்னும் தாங்கும். ஒரு சீசனுக்கு நாலைந்து முறை, முறைக்குப் பத்து டாலர் என்றே வையுங்கள், ஐம்பது டாலர். வீட்டு மெஷின் ஆயிரம் டாலரைத் தாண்டும். போட்ட காசு திரும்பி வருவதற்குள் உங்கள் மகன் வேலைக்குப் போயிருப்பான். வீட்டில் மூன்று பிள்ளைகள் விளையாடினால் கணக்கு வேறு, அப்போது வாங்குங்கள்.

பழைய மெஷின் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஸ்பார்க்ஸ் (Sparx) போன்ற வீட்டு மெஷின்களில் தீட்டுகிற வேலையைச் செய்வது உள்ளே மாட்டுகிற வளையம். ஸ்பார்க்ஸ் வளையம் ஒன்று பிளேடின் மேல் 320 ஓட்டம் ஓடும், அதுதான் அதன் ஆயுள், பிளேடுக்கு நாலு ஓட்டம் என்றால் நாற்பது ஜோடி, அவ்வளவுதான். மீதி எத்தனை என்பதை மெஷினே காட்டும். விற்கிறவர் 'கொஞ்ச நாள்தான் பாவித்தோம்' என்று சொன்னால் சரி என்று தலையாட்டாமல், மெஷினைப் போட்டு அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். இன்னொரு கூட்டம் சாதாரண பெஞ்ச் கிரைண்டரையே 'ஸ்கேட்டும் தீட்டலாம்' என்று தள்ளிவிடப் பார்க்கும். அதில் பிடித்தால் பிளேடு சூடேறி நீலம் பாயும், நீலம் பாய்ந்த இரும்பில் கூர் நிற்காது.

இப்போது கடைக்காரர் விஷயம். இந்த ஊரில் முடி வெட்டுகிறவருக்குக் கூடச் சான்றிதழ் கேட்கிறார்கள், பிள்ளை வேகமாகச் சறுக்கித் திரும்புகிற பிளேடைத் தீட்டுவதற்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. சனிக்கிழமை காலையில் வரிசை வாசல் வரை நிற்கும், மெஷினுக்குப் பின்னால் நிற்பது போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பள்ளிப் பையன். அரீனா நகராட்சியுடையது, கடை குத்தகைக்காரருடையது, குறை சொன்னால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். அதனால் பார்த்து வாங்குவது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. பிளேடின் அடிப்பக்கம் சுமார் 3 மி.மீ. அகலம். நடுவில் குழிவு, இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு, இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பிளேடை மேலே திருப்பி, இருபத்தைந்து சத நாணயம் ஒன்றைக் குறுக்கே படுக்க வைத்து முன்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள், வெட்கப்படத் தேவையில்லை. குழிவு அளவையும் கேளுங்கள், அது ஆழமல்ல, குழிவு வளைகிற வட்டத்தின் ஆரம், 1/2 அங்குலம்தான் பெரும்பாலும் போடுவது. போன முறை போட்டதையே இந்த முறையும் போடச் சொல்லுங்கள், சும்மா மாற்றினால் பையன் தடுமாறுவான். 'கிராஸ் கிரைண்ட்' என்று ஒன்று உண்டு, பழைய குழிவை முழுக்க வழித்துத் தட்டையாக்குவது. புது ஸ்கேட்டுக்கோ மோசமாக அடிபட்ட பிளேடுக்கோ அது வேண்டும். ஒவ்வொரு முறையும் அதைச் செய்கிற கடை உங்கள் பிளேடைத் தின்றுகொண்டிருக்கிறது, சீக்கிரம் புது பிளேடும் விற்கப் பார்க்கும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மழுங்கிவிட்டது என்று சொல்வதில் பாதி, சிமெண்டில் மிதித்ததால் விளிம்பில் எழுந்த பிசிறுதான். விரல் நகத்தை விளிம்புக்குக் குறுக்கே மெதுவாக இழுத்தால் நகத்தை லேசாகச் சீவ வேண்டும், வழுக்கினால் கூர் போய்விட்டது, எங்காவது சிக்கினால் பிசிறு. அதற்கு மென்மையான சின்னச் சாணைக்கல் ஒன்று போதும். பிளேடின் பக்கவாட்டில் கல்லைத் தட்டையாகப் படுக்க வைத்து, அழுத்தாமல் முன்னிருந்து பின்னாக இரண்டு மூன்று இழுப்பு. கல்லைச் சாய்த்தால் விளிம்பு உருண்டு, இருந்த கூரும் போய்விடும்.

வீட்டில் பெண் பிள்ளையோ தம்பியோ ஃபிகர் ஸ்கேட்டிங் போனால் இதை மட்டும் மறக்காதீர்கள், அந்த ஸ்கேட்டை ஹாக்கி கடையில் கொடுக்கவே கூடாது. அதன் முன்பக்கம் பற்கள் இருக்கும், குதிப்பதற்கும் சுழல்வதற்கும் அந்தப் பல்தான் ஆதாரம். ஹாக்கி பிளேடு மாதிரி முனை வரை ஓட்டினால் கீழ்ப் பல்லைச் சீவிவிடும், சீவிய பல்லைத் திரும்ப ஒட்ட முடியாது, பிளேடையே மாற்ற வேண்டும், அது ஹாக்கி பிளேடை விட எவ்வளவோ விலை. கடையில் 'நாங்கள் எல்லாம் செய்வோம்' என்பார்கள். பிள்ளையின் பயிற்சியாளரைக் கேட்டு, அவர் சொல்கிற ஆளிடம் மட்டும் கொடுங்கள், தூரமென்றாலும் பரவாயில்லை.

கராஜ் வேண்டாம். குளிரில் உறைந்து கிடந்த இரும்பு, வெப்பம் ஏறும்போது வியர்க்கும், அப்புறம் துரு. கல்லோ, கணவர் பிடிவாதமாக வாங்கிவிட்டால் மெஷினோ, வீட்டுக்குள் உலர்ந்த அலமாரியில், துணி சுற்றி, சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். பேஸ்மென்டில் ஈரம் இருந்தால் அங்கேயும் வேண்டாம். கல்லைப் பையனின் ஹாக்கிப் பைக்குள் போடுவது எல்லோரும் செய்வது, அந்தப் பை எப்போதும் நனைந்துதான் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் பிளேடைத் துடைத்து, கெட்டியான பிளாஸ்டிக் உறையைக் கழற்றித் துணி உறை போடுங்கள், பிளாஸ்டிக் உறை பெஞ்சிலிருந்து ஐஸ் வரை நடப்பதற்கு மட்டும்.