நடுகல்லும் குரூப் டூவும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 26 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு குரூப் 2-க்குப் படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையில் புத்தகத்தை எடுப்பேன், பத்து நிமிடத்தில் கை போனுக்குப் போய்விடும். நாளைக்கு, நாளைக்கு என்றே இரண்டு தேர்வுகள் போய்விட்டன. வீட்டில் பட்டுப்பூச்சி வளர்க்கிறோம். அந்த ஷெட் வேலையில் மட்டும் நான் ஒருநாளும் தவறியதில்லை.

சமீபத்தில் ஒரு பேச்சாளரின் வீடியோ பார்த்தேன். பிடிக்காததைச் செய்வதால்தான் தள்ளிப்போடுகிறோம், நமக்கான ஆர்வத்தைக் கண்டுபிடித்து அதன் பின்னால் போனால் சோம்பல் தானாகப் போய்விடும் என்றார். எனக்கு நடுகல் (செத்த வீரர்களின் நினைவாக அந்தக் காலத்தில் நட்ட கல்) என்றால் உயிர். வயலோரம், ஏரிக்கரை, எங்கே பார்த்தாலும் போட்டோ எடுத்துவிடுவேன். எல்லாவற்றையும் ஊர்வாரியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று மூன்று வருடமாக ஆசை. இன்னும் தொடங்கவில்லை, படங்கள் போனிலேயே கிடக்கின்றன. தேர்வை விட்டுவிட்டு இதில் முழுதாக இறங்கிவிடலாமா? இதற்கென்று படிப்பு ஏதாவது உண்டா?

(பெயர் வேண்டாம்)
தருமபுரி மாவட்டம்

*

அன்புள்ள தம்பி,

அந்தப் பேச்சாளருக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. குரூப் 2 பிடிக்கவில்லை, தள்ளிப்போடுகிறீர்கள். சரி. நடுகல் உயிர் என்கிறீர்கள், அதையும் மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். புழுவுக்குத் தழை போடுவதில் தனி ஆசை உண்டு என்று ஒரு வரிகூட எழுதவில்லை, ஆனால் தவறாமல் செய்வது அதை மட்டும்தான்.

அந்த ஷெட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டாம் தோலுரிப்பு முடிந்த இளம்புழு வந்து இறங்கினால், கூடு எடுக்கும் வரை ஏறக்குறைய மூன்று வாரம். கடைசிப் பருவம் ஒரு வாரம்தான், ஆனால் ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்த ஒரு வாரத்தில் போய்விடும். அப்போது ஒரு வேளை தழை தாமதமானால் உங்கள் கண்ணுக்கே தெரியும். கூடு மெலிந்தால் தருமபுரி பட்டுக்கூடு அங்காடி ஏலத்தில் ஊருக்கே தெரியும். இன்றைக்கு எவ்வளவு வேலை என்பதில் சந்தேகம் இல்லை, பலன் மாதக் கடைசியில் கைக்கு வருகிறது, எதிரே பசியோடு ஒரு உயிர் இருக்கிறது. உங்கள் அம்மா காலை ஐந்து மணிக்கு எழுவதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம். அவரிடம் போய் 'உங்கள் ஆர்வம் என்ன?' என்று கேட்டால் தழைக்கட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்.

தேர்வு அப்படி இல்லை. படித்து, எழுதி, முடிவு வந்து, வேலை கிடைப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். நடுகல் இன்னும் மோசம். ஆயிரம் வருடமாக நிற்கிற கல் அடுத்த ஞாயிறும் நிற்கும். பியர்ஸ் ஸ்டீல் என்ற உளவியலாளர் தள்ளிப்போடுதல் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேலை கசப்பாக இருப்பது அதில் ஒரு காரணம்தான். பலன் தொலைவில் இருப்பதும், நம்மால் முடியும் என்ற நம்பிக்கை குறைவதும் அதே பட்டியலில் இருக்கின்றன. பேச்சாளர்கள் முதல் காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், மேடைக்கு அதுதான் வசதி.

நடுகல் பதிவு கசப்பான வேலை இல்லையே, பிறகு ஏன் தொடங்கவில்லை? என் ஊகம் இது. மனதில் இருக்கிற பட்டியல் முழுமையாக, அழகாக இருக்கிறது. எழுதப்போகும் முதல் தாள் அப்படி இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். புஷியா சிரோயிஸ், டிமோத்தி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-இல் எழுதியது இதைத்தான்: தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாததால் அல்ல, அந்த நேரத்து மனச்சங்கடத்திலிருந்து தப்பிக்க. பத்தாவது நிமிடத்தில் 'இது நமக்கு வராது' என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்க்கிறது, போனை எடுத்தால் அது மறைந்துவிடுகிறது. கலர் பேனாவில் டைம் டேபிள் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆர்வம் எங்கேயோ தயாராக இருக்கிறது, கண்டுபிடித்தால் போதும் என்ற நம்பிக்கையே ஆபத்து. ஓ'கீஃப், டுவெக், வால்டன் என்ற உளவியலாளர்கள் மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்குக் கருந்துளை பற்றி ஒரு சுவாரசியமான வீடியோ காட்டினார்கள். எல்லோருக்கும் பிடித்தது. அப்புறம் அதே விஷயத்தில் ஒரு கடினமான கட்டுரையைக் கொடுத்தார்கள். ஆர்வம் பிறவியிலேயே அமைவது என்று நம்பியவர்களுக்குத்தான் ஆர்வம் அதிகமாக வடிந்தது. வளர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். போட்டோ எடுப்பது உங்களுக்கு அந்த வீடியோ. வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வரும்போது கடினமான கட்டுரை வரும். பாதி எழுத்து பொரிந்து போயிருக்கும், மீதி ஒன்றுபோலவே தெரியும். அன்றைக்கு 'இதுவும் நம் ஆர்வம் இல்லை போல' என்று அடுத்ததைத் தேடக் கிளம்பிவிடாதீர்கள்.

தாண்டிவிட்டால் கிடைப்பது சாதாரணமில்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல் இருக்கிறது. தன் எருமைகளுக்காகச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. கோவிவன் என்ற அவனுடைய நாயும் கூடவே நிற்கிறது, இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்தது என்று அதற்கும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால், அந்தக் கல்லின் முன்னால் யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்ததால்தான்.

ஆகவே பட்டியலை மறந்துவிடுங்கள். ஒரு கல், ஒரு தாள். உங்கள் பக்கம் பல நடுகற்களை வேடியப்பன் என்ற சாமியாகக் கும்பிடுகிறார்கள், அதனால் பூசாரியிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். உயரம், அகலம், எந்தத் திசை பார்க்கிறது, கையில் என்ன ஆயுதம், கொண்டை எந்தப் பக்கம், மாடோ நாயோ பெண்ணோ உண்டா, எழுத்து எங்கே இருக்கிறது, ஊரில் என்ன பெயர் சொல்கிறார்கள். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் எழுத்து தெரியாது. காலை ஏழு மணி சாய்வெயிலில் எடுங்கள், இல்லாவிட்டால் இருட்டிய பிறகு பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுங்கள். சுண்ணாம்பு தடவுவது, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவது எல்லாம் கூடாது. கண் பழக வேண்டுமென்றால் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு (தொல்லியல் அருங்காட்சியகம்) ஒரு நாள் போங்கள், அங்கே நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

தேர்வை நடுகல்லுக்காக விட வேண்டாம். தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கல்வெட்டு தேடியவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தார்கள். இந்த வேலை சோறு போடாது. குரூப் 2 உங்களுக்கு ஒத்துவராது என்று தோன்றினால் அது தனிக் கணக்கு, ஒரு தேர்வை ஒழுங்காக எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். போன இரண்டு தேர்வுகளுக்காக உங்களைத் திட்டிக்கொண்டிருப்பதையும் நிறுத்துங்கள். இதே பிச்சில் 2010-இல் இன்னும் இருவரோடு சேர்ந்து செய்த ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் விட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

படிப்பு கேட்டிருந்தீர்கள். சென்னையில் மாநிலத் தொல்லியல் துறையே கல்வெட்டியலிலும் தொல்லியலிலும் முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. முதுகலைப் பட்டம் கேட்பார்கள், உங்களிடம் இளங்கலைதான் இருக்கிறது. அதை யோசிக்க இன்னும் காலம் இருக்கிறது.

முதல் தாளை எனக்கு அனுப்புங்கள். ஞாயிறு இரவு மெயிலைத் திறந்து பார்ப்பேன், வரவில்லை என்றால் திங்கள் காலை நானே எழுதிக் கேட்பேன். அளவுகளை அடியில் வேண்டாம், சென்டிமீட்டரில் எழுதுங்கள். படத்தில் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்திவிடுங்கள்.