ஒரே இறாலுக்கு இரண்டு டிஎன்ஏ வரிசையா?

சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் வாங்கிய ஒரே இறாலில், இனத்தை அடையாளம் காணப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவான சிஓஐ இரண்டு விதமாக வருகிறதே, கலப்படமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் துண்டுகள் பரிணாமப் போக்கில் உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொள்வதுண்டு. 1994இல் பூனையில் கண்டபோது 'நூமட்' என்று பெயர் வைத்தார்கள். சொடுக்கு இறாலிலும், இறாலின் உறவான கிரேஃபிஷிலும்கூட உண்டு. வேலையில்லாத பிரதி என்பதால் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறை, அசல், நூமட் இரண்டையும் பெருக்கிவிடும்.

சரி, எப்படிப் பிரிப்பது? வரிசையைப் புரதமாக மாற்றிப் பாருங்கள். வழக்கமாகப் படிக்கும் சிஓஐ துண்டின் 658 எழுத்துக்குள் நடுவே, புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் குறி வந்தால் பெரும்பாலும் நூமட்தான். ஆனால் மூன்றெழுத்துக் குறிகளைப் புரதமாக மாற்ற, முதுகெலும்பில்லாதவற்றின் மைட்டோகாண்ட்ரியாவுக்கான அட்டவணையையே எடுங்கள். அதில் டிஜிஏ என்றால் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம், நிறுத்தம் அல்ல. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். அண்மையில் இடம்பெயர்ந்த துண்டில் பிழையே இல்லாமலும் போகலாம், அதுதான் தொல்லை. வேலையில்லாத பிரதியிலிருந்து பொதுவாக ஆர்என்ஏ உருவாகாது என்பதால், அப்போது ஆர்என்ஏவிலிருந்து படிப்பது நல்லது.