அந்த 'மாதிரி' எதற்கு?

கேள்வி: கல்லூரியில் கிடைத்த தோழி, எனக்கு உடன்பிறந்தவள் மாதிரி. வாரத்துக்கு ஒருமுறையாவது மனம்விட்டுப் பேசிக்கொள்வோம். என் கணவரோ, "நட்பு என்றால் பிசிராந்தையார், கர்ணன். பொம்பளைங்க நட்பெல்லாம் கல்யாணத்தோட சரி" என்று கிண்டல் செய்கிறார். நம் இலக்கியத்தில் பெண்களுக்கு ஒரு ஜோடி கூடவா இல்லை?
– ஒரு வாசகி, திருச்சி.

பதில்: இருக்கிறது. உங்கள் கணவர் சிலப்பதிகாரத்தை கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையோடு மூடி வைத்திருப்பார், பெரும்பாலோர் போல. முன்னும் பின்னும் கொஞ்சம் புரட்டச் சொல்லுங்கள், கண்ணகியின் தோழி தேவந்தி வருவாள்.

அவள் கணவனும் அவளை விட்டுப் போனவன்தான் (அவன் சாத்தன் என்ற தெய்வம் என்பது தனிக் கதை). தன் குறை அப்படி இருக்க, கண்ணகிக்காக அறுகும் சிறுபூளையும் நெல்லும் தூவி, "கணவனைப் பெறுக" என்று வேண்டுகிறாள். அப்போதுதான் கண்ணகி தான் கண்ட கெட்ட கனவைச் சொல்கிறாள். ஏதோ ஓர் ஊர், தேளைத் தூக்கி மேலே போட்டாற்போல ஒரு பழி, கோவலனுக்குத் தீங்கு, அரசன் முன் இவள் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் கோவலனே வந்துவிடுகிறான். அவனுக்குக் கிடைப்பது ஒரு புன்சிரிப்பும் "சிலம்பு உள, கொண்ம்" (சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்) என்ற சொல்லும். கனவைப் பற்றி அவனிடம் மூச்சுவிடவில்லை.

இரண்டு குளங்களில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு இன்பமாக வாழலாம் என்று தேவந்தி யோசனை சொன்னபோது, கண்ணகி "பீடு அன்று" (அது பெருமை இல்லை) என்று இரண்டே சொல்லில் முடித்தாள். இந்தக் காலமாக இருந்தால் வாட்ஸப்பில் பத்து நாள் பேச்சு நின்றிருக்கும். தேவந்தி அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்பது பின்னால் தெரிகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இதெல்லாம் நடக்கும்போது இருவருமே கல்யாணம் ஆனவர்கள். உங்கள் கணவரின் கட்சி அங்கேயே விழுந்துவிட்டது.

அப்புறம் கடைசிப் பகுதியான வஞ்சிக் காண்டம். கண்ணகியின் தாய் இறந்துவிட்டாள், தந்தை துறவியாகிவிட்டார். தேவந்தி புகாரிலிருந்து மதுரைக்குப் போய், வையைக் கரையோடு நடந்து, மலையேறி, கண்ணகிக்குக் கோயில் எழுந்த சேர நாட்டுக்கு வருகிறாள். கூட வந்தவர்கள் கண்ணகியை வளர்த்த செவிலியும் அடித்தோழியும், மதுரையில் கண்ணகிக்கு அடைக்கலம் தந்த இடைக்குல மூதாட்டி மாதரியின் மகள் ஐயையும்; இவள் மதுரையில் சேர்ந்துகொண்டவள். ரத்த சொந்தம் ஒருவர் இல்லை. அன்றைக்குத் தீக்கனாவைக் கேட்டும் அதன் பொருள் உணராமல் இருந்துவிட்டேனே என்றுதான் தேவந்தி அரற்றுகிறாள். ஊரே தெய்வமாகக் கும்பிடும் ஒருத்தியை அவள் அழைக்கும் சொல் "தோழீ".

'உடன்பிறந்தவள் மாதிரி' என்கிறீர்களே, அந்த 'மாதிரி' எதற்கு? "தோழி தானே செவிலி மகளே" என்று தொல்காப்பியம் அவளை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டது. ஆனால் சங்கக் காதல் பாட்டுகளில் (அகப்பாட்டு) வரும் தோழிக்குப் பெயர் கிடையாது, தலைவியின் காதலைக் கரைசேர்ப்பதே முழுநேர வேலை. தேவந்திக்குப் பெயர் இருக்கிறது, சொந்தத் துக்கம் இருக்கிறது. கடைசியில் கண்ணகி கோயிலின் அன்றாடப் பூசையைச் சேர மன்னன் செங்குட்டுவன் ஒப்படைத்ததும் அவளிடம்தான்.